ஸ்பைடர்மேனின் மூக்கை மாற்றியது யார்?

இளவயதில் ஓர் அச்சகத்தில் காமிக்ஸ் பலூன்களுக்குள் தமிழ் எழுதிப் பிழைத்தவன் நான் என்று சென்ற இதழில் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். விளைவு, இம்முறை வந்த கடிதங்களில் பாதி சூப்பர் ஹீரோ கேள்விகள். அவற்றிலும் முக்கால்வாசி ஒரே புலம்பல்: எழுதுகிறவரையும் வரைகிறவரையும் மாற்றிவிட்டார்கள், என் ஹீரோ என் ஹீரோவாகவே இல்லை. மூட்டுவலி, வாடகை ஒப்பந்தம், கூட்டணி அரசியல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே.ஆர்., கோவில்பட்டி: அண்ணாச்சி, பதினைந்து வருஷமாக ஒரே ஹீரோவைப் படித்து வருகிறேன். புது எழுத்தாளர், புது ஓவியர் வந்ததிலிருந்து பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. கோளாறு என்னிடமா, அவர்களிடமா?

என் அம்மா பொன்னியின் செல்வனைக் கல்கியில் மணியம் படங்களோடு படித்தவர். பின்னால் அதே தொடர் அதே பத்திரிகையில் வேறு ஓவியரின் படங்களோடு மறுபடி வந்தபோது, முதல் வாரமே பக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டார். "இது வந்தியத்தேவன் இல்லை. மூக்கைப் பார், யாரோ மாப்பிள்ளைப் பையன்." கதையில் ஒரு சொல்லும் மாறவில்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மூக்கு மாறிவிட்டதே!

அமெரிக்காவில் இதே மூக்குப் பிரச்சினை 1966இல் வந்தது. அமேசிங் ஸ்பைடர்மேன் 38ஆம் இதழோடு ஓவியர் ஸ்டீவ் டிட்கோ விலகிக்கொண்டார். 1962இல் எழுத்தாளர் ஸ்டான் லீயோடு சேர்ந்து ஸ்பைடர்மேனை உருவாக்கியவர் அவர். அந்த உடை, நடுவிரல்கள் இரண்டையும் மடக்கி வலை வீசுகிற அந்த முத்திரை எல்லாம் அவர் கைவேலை. அவர் வரைந்த பீட்டர் பார்க்கர், அதாவது முகமூடிக்குள் இருக்கும் பையன், ஒல்லி, கொஞ்சம் கூன், பார்த்ததும் 'பாவம், சாப்பிட்டானோ இல்லையோ' என்று தோன்றும் முகம்.

39ஆம் இதழுக்கு ஜான் ரொமீட்டா வந்தார். ஸ்பைடர்மேனுக்குக் கொஞ்சம் முன்புவரை போட்டி நிறுவனமான டி.சி.யில் வருஷக்கணக்காகக் காதல் கதைகள் வரைந்தவர். அந்தக் கைக்கு அழகில்லாத ஆளை வரைய வராது. டிட்கோ சில மாதத்தில் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பி, முடிந்த மட்டும் அவரைப் போலவே வரையப் பார்த்ததாக ரொமீட்டாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் மாதம் ஏற ஏற பீட்டரின் தோள் நிமிர்ந்தது, தாடை விரிந்தது, மூக்கு நேரானது. கல்லூரி வாசலில் பெண்கள் திரும்பிப் பார்க்கும் பையனாகிவிட்டான். பழைய ரசிகர்கள் முறைத்தார்கள். விற்பனை ஏறியது. ஸ்பைடர்மேனை வெளியிட்ட மார்வெல் கம்பெனியில் அதுவரை முன்னணியில் இருந்த, ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோக் குடும்பக் கதையையே தாண்டிப் போனது. இன்று 'அசல் ஸ்பைடர்மேன்' என்று உங்கள் மனசில் வரும் முகம் அநேகமாக ரொமீட்டாவுடையது, தம்பி. அவர் வந்த அன்று அதுதான் போலி.

அந்த 39ஆம் இதழின் மறுபதிப்பு ஒன்றை மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். 1985இல் அது எரிந்து போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், முக்கால் ரூபாய்க்கு. அட்டையில் பச்சை முகமூடிக்காரன் கிரீன் காப்ளின் பீட்டரைக் கயிற்றில் கட்டி வானத்தில் இழுத்துப் போகிறான். கிழிந்த சட்டைக்குள் சிலந்தி உடை தெரிகிறது. எதிரிக்கு ரகசியம் தெரிந்துவிட்டது! இதழின் கடைசியில் காப்ளினும் தன் முகமூடியைக் கழற்றுகிறான். என் பிரதியில் அந்தக் கடைசித் தாள் இல்லை. அவன் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேரி ஜேன் என்ற பெண்ணைப் பற்றி டிட்கோ காலத்திலேயே பேச்சு அடிபடும். 25ஆம் இதழில் வருவாள், ஆனால் முகத்தைச் செடியின் பூ மறைத்துவிடும். அந்த முகத்தைக் காட்டாமலே டிட்கோ போய்விட்டார். வாசகர்களுக்குப் பாக்கி வைத்த கடன் அது. 42ஆம் இதழின் கடைசியில் கதவு திறக்கிறது, நிற்கிறாள், செந்நிறக் கூந்தலோடு. ரொமீட்டா அந்தக் கடனை வட்டியோடு அடைத்தார் என்பேன். புது ஆளை எடை போட என் தராசு இதுதான். முன்னவர் வைத்துவிட்டுப் போன கடனை என்ன செய்தார் என்று பார்ப்பேன். மூக்கு அப்புறம்.

எஸ்.வி., திருவல்லிக்கேணி: ஓவியர் படம்தானே போடுகிறார்? கதாசிரியர் அவரேதானே இருக்கிறார்? ஓவியர் போனால் கதை எப்படி சார் மாறும்?

அந்தக் கால மார்வெலில் முழுக்கதையை எழுதிக் கையில் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஒரு சுருக்கம் சொல்வார்கள், சில நேரம் வாய்மொழியாகவே. யார் எப்போது வருவது, சண்டை எத்தனை பக்கம், எந்தக் கட்டத்தில் கண்ணீர் என்பதெல்லாம் ஓவியர் முடிவு. படம் வந்தபின் எழுத்தாளர் பலூன்களை நிரப்புவார். கடைசி ஒரு வருஷ வாக்கில் லீயும் டிட்கோவும் பேசிக்கொள்ளவே இல்லை. டிட்கோ தானே கதை கட்டி, வரைந்த பக்கங்களை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போவார். கதையமைப்பு டிட்கோ என்று இதழிலேயே போட்டார்கள். அப்படிப்பட்ட ஆள் போனால் பாதி எழுத்தாளரும் சேர்ந்து போன மாதிரி.

அவர் ஏன் போனார் என்பதற்கு ரசிகர்கள் ஒரு கதை கட்டினார்கள்: காப்ளின் யார் என்பதில் இருவருக்கும் சண்டை, டிட்கோ முன்பின் தெரியாத ஒருவன் என்றார், லீ மறுத்தார். வருஷக்கணக்காக இது வேதவாக்கு மாதிரி ஓடியது. பின்னாளில் டிட்கோ கட்டுரை எழுதி மறுத்தார். அவன் யார் என்பதை முன்பே முடிவு செய்து, அந்த ஆளைப் பழைய இதழ்களின் கூட்டத்தில் ஓரமாக நிறுத்தியும் வைத்தாராம்.

பலூன் நிரப்புகிற வேலையை நானும் செய்தேன், சம்பளம்தான் வேறு. ஆங்கிலத்தில் 'நோ!' என்று இரண்டெழுத்துக்கு வரைந்த பலூனுக்குள் 'வேண்டாம்!' என்று திணிக்க வேண்டும். சில ஓவியர்கள் வானத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். வெள்ளை மையால் பலூனை அழித்து அகலப்படுத்திக்கொள்ளலாம். சிலர் கட்டம் முழுக்க ஆளை நிரப்பிவிடுவார்கள், ஓர் எழுத்துக்கூட நகராது. இதழில் பெயரே போடாவிட்டாலும், ஓவியர் மாறியது அச்சகத்தில் முதலில் எனக்குத்தான் தெரியும். "ஆள் மாறிட்டான்டா" என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜே.பி., நாகர்கோவில்: யார் வரைந்தாலும் ஹீரோ முகம் மட்டும் மாறக் கூடாது என்று கம்பெனி சட்டம் போட்டால் என்ன?

போட்டார்களே. 1970இல் மார்வெலை விட்டு டி.சி.க்குப் போன ஜாக் கிர்பி, சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சன் இதழை 133ஆம் எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார். காமிக்ஸ் உலகமே கொண்டாடிய கை. ஆனால் அவர் வரைந்த சூப்பர்மேன் முகம் 'நம்ம சூப்பர்மேன் மாதிரி இல்லை' என்று டி.சி. அதை மட்டும் வேறு ஆட்களைக் கொண்டு திரும்ப வரைய வைத்தது. முதலில் அல் பிளாஸ்டினோ, அப்புறம் மர்பி ஆண்டர்சன். அந்தப் பக்கங்களைப் பாருங்கள்: கழுத்துக்குக் கீழே கிர்பி, மேலே கம்பெனி. சிதைந்த கற்சிலைக்கு சிமெண்ட்டில் தலை வைத்து வர்ணம் அடித்ததைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

மீ.எஸ்., தஞ்சாவூர்: டி.வி. சீரியலில் 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டாலே எனக்கு ஆகாது. காமிக்ஸில் புதிதாக வருகிறவர்கள் வந்த கையோடு யாரையாவது கொன்றும் விடுகிறார்களே, ஏன்?

கொன்றால் நாலு பேர் பேசுவார்கள் அம்மா, அவ்வளவுதான் பல சமயம். ஆனால் எல்லாக் கொலையும் ஒன்றல்ல.

ஸ்டான் லீக்குப் பிறகு ஸ்பைடர்மேனை எழுத வந்த ஜெர்ரி கான்வேக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. 1973 ஜூன் தேதியிட்ட 121ஆம் இதழில் பீட்டரின் காதலி குவென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழுகிறாள். பீட்டர் வலை வீசிப் பிடிக்கிறான். அவள் கழுத்தருகே சின்ன எழுத்தில் 'ஸ்நாப்' என்று ஓர் ஓசை. பலூன் எழுதியவன் என்பதால் சொல்கிறேன், அந்த இதழில் எத்தனையோ 'டமால்', 'படீர்' இருக்கலாம், இந்தக் குட்டிச் சத்தம் ஒன்றுதான் காதில் நிற்கிறது. விழுந்ததில் செத்தாளா, பிடித்ததில் செத்தாளா? பழி முழுக்க கான்வே தலையில் விழுந்தது. சாகவேண்டியது பீட்டரின் அத்தை இல்லை, குவென்தான் என்று யோசனை சொன்னது ரொமீட்டா. புது ஆள் என்றால் கல்லடி அவருக்குத்தானே.

இதற்கு நேர் எதிர் ஆலன் மூர். 1984 தொடக்கத்தில் ஸ்வாம்ப் திங் என்ற சதுப்பு நிலத்துப் பூதத்தின் கதையை எழுதும் வேலையை மார்ட்டின் பாஸ்கோவிடமிருந்து வாங்கிக்கொண்டார். வந்த கையோடு புரட்சி செய்யவில்லை. தன் முதல் இதழான இருபதாம் எண்ணை, பாஸ்கோ அந்தரத்தில் விட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக முடிப்பதற்கே செலவழித்தார். குடி போகிற வீட்டில் முந்தைய குடித்தனக்காரரின் பால் பாக்கியைக் கொடுத்துத் தீர்த்த மாதிரி. 21ஆம் இதழில்தான் குண்டு வெடித்தது. ஆலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி விபத்தில் பூதமாக மாறினான் என்றுதான் 1970களிலிருந்து வாசகர்கள் நம்பியிருந்தார்கள். மூர் சொன்னார்: ஹாலண்ட் அன்றே செத்துவிட்டான். அவன் நினைவுகளை உறிஞ்சிய செடி கொடிகள், தாம்தான் ஹாலண்ட் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நடக்கின்றன. பழைய இதழ்களில் நடந்த எதுவும் பொய்யாகவில்லை, ஆனால் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. ஸ்டீவ் பிஸெட், ஜான் டாடில்பென் என்ற ஓவியர்கள் பாஸ்கோ காலத்திலேயே வந்தவர்கள், தொடர்ந்து இருந்தார்கள். மூக்கு மாறவில்லை பாருங்கள். அதுவும் ஒரு காரணம் என்பது என் சொந்தக் கணிப்பு.

டி.என்., ஈரோடு: மார்வெலா, டி.சி.யா?

எந்தக் கடையில் பாதி விலையோ அது.

ஆர்.கே., மதுரை: பேசாமல் வாசகர்களிடமே வாக்கெடுப்பு நடத்திவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காதே?

நடத்தினார்கள், 1988இல். பேட்மேனின் உதவியாளன் ராபின் வேஷத்தில் அப்போது இருந்தவன் ஜேசன் டாட் என்ற பையன். வெடியில் சிக்கிய அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா? விடைக்கொரு தொலைபேசி எண், ஓர் அழைப்புக்கு 50 சென்ட். பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. சாகட்டும் என்றவர்கள் 5,343. 72 ஓட்டில் பையன் போனான். நம் ஊராட்சித் தேர்தலாக இருந்தால் மறு எண்ணிக்கை கேட்டிருப்பார்கள்.

அவனை ஏன் அவ்வளவு பேருக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்தால் அங்கேயும் ஆள் மாற்றம்தான். 1983இல் அவனை உருவாக்கியவர்களில் ஒருவர் நாம் மேலே பார்த்த அதே ஜெர்ரி கான்வே. முதலில் ஜேசன் சாதுவான சர்க்கஸ் பையன். பழைய ராபினும் சர்க்கஸ் பையன்தான், அதனால் அச்சு அசல் நகல் என்றார்கள். 1987இல் மாக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுத வந்து அவனை அடியோடு மாற்றினார்: தெருப் பையன், பேட்மேன் காரின் டயரையே கழற்றித் திருடுகிறவன். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். அப்புறம் வந்த ஜிம் ஸ்டார்லினுக்கு ராபின் என்ற பாத்திரமே ஆகாது. அவன் இன்னும் முரடனானான். ஐந்தே வருஷத்தில் மூன்று பேர் கையில் மூன்று பிள்ளைகளாக வளர்ந்தவன்மேல் வாசகருக்கு எப்படிப் பாசம் வரும்?

ப.ம., கடலூர்: ரசிகர்கள் எதிர்ப்புக் கிளப்பி, மாற்றிய ஆளைத் திரும்பக் கொண்டுவந்தது உண்டா?

உண்டு. 2002இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 60ஆம் இதழோடு மார்க் வெய்ட் எழுதவும் மைக் வீரிங்கோ வரையவும் தொடங்கினார்கள். ஆள் சேர்க்க அந்த இதழை ஒன்பதே சென்ட்டுக்கு விற்றது மார்வெல். வாசகருக்கு அந்த ஜோடி பிடித்துப்போன நேரத்தில், 2003இல், மேலிடத்துக்கு வேறு மாதிரிக் கதை வேண்டும் என்று வெய்ட்டை நீக்குவதாகச் செய்தி வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். சில மாதத்தில் முடிவு மாறி ஜோடி திரும்பியது, 2005 வரை தொடர்ந்தது.

நான் நினைத்துக்கொள்வது ராபர்ட்டோ அகிரே-சகாசாவை. வெய்ட் இடத்துக்கு என்று எடுக்கப்பட்ட நாடகாசிரியர். அவர் எழுதிய ஒரு பக்கம் வெளிவருமுன்பே அவரை வேண்டாம் என்று ஒரு கூட்டம் நின்றது. கடைசியில் அதே குடும்பத்தைப் பற்றிய இன்னோர் இதழை அவருக்குக் கொடுத்தார்கள். கூறைச்சேலை எடுத்தபின் வேண்டாம் என்றான மாப்பிள்ளைக்குத் தங்கையைக் கட்டிவைத்த கதை.

வி.ச., விருதுநகர்: நம் தமிழ் காமிக்ஸில் இந்தத் தொல்லையெல்லாம் இருந்ததில்லையே சார்?

இருந்தது. பெயர் போடாததால் நமக்குத் தெரியவில்லை.

1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டனின் வேலியன்ட் வார இதழிலிருந்து வந்தவர். முதலில் கென் புல்மர் எழுதினார், அப்புறம் டாம் டல்லி. முதல் கதையில் குற்றவாளியாகத் திரிந்த மாயாவி பின்னால் உளவாளி ஆனார். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் ஸ்பைடர் இன்னும் சுவாரசியம். கூர்மண்டை, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி. அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கு எந்த உறவும் இல்லை. 1965இல் டெட் கோவன் எழுதியபோது அவன் குற்றச் சக்கரவர்த்தி. மூன்றாவது கதையிலிருந்து எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆமாம், ஓவியர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கி, 1938இல் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு வாழ்நாளெல்லாம் வருந்திய அதே சீகல்! அவர் கைக்கு வந்தபின் ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடுகிறவன் ஆனான். ரெஜ் பன் என்ற ஓவியர் மாறாததால் அந்தக் கோணல் புருவம் மட்டும் அப்படியே இருந்தது.

நானோ வாடகை நூலகத்தில் எது கிடைத்ததோ அந்த வரிசையில் படித்தேன். ஒரு வாரம் ஸ்பைடர் உலகைக் காப்பான், மறுவாரம் நகைக்கடையைக் கொள்ளையடிப்பான். திருந்தினவன் மறுபடி கெட்டுப்போய்விட்டான் என்று நானும் நண்பர்களும் உண்மையாகவே வருத்தப்பட்டிருக்கிறோம்.

ல.கோ., சேலம்: என் மகனுக்குப் பதினோரு வயது. இப்போதைய குழுவின் கதைகளை விரும்பிப் படிக்கிறான். முதலில் பழையதைப் படிக்கச் சொல்வதுதானே முறை?

வேண்டாம். அவன் எதில் தொடங்குகிறானோ அதுதான் அவனுக்குப் பழையது.

2012 டிசம்பரில் அமேசிங் ஸ்பைடர்மேன் 700ஆம் இதழில் எழுத்தாளர் டான் ஸ்லாட் பீட்டர் பார்க்கரைச் சாகடித்தார். உடம்பு மட்டும் பீட்டருடையது, உள்ளே புகுந்தது பரம எதிரி டாக்டர் ஆக்டோபஸின் மூளை. வருஷக்கணக்காக அதே இதழை எழுதி வந்தவர் அவர், புது ஆளும் இல்லை. அப்படியும் அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. காகிதத்தில் ஒருவனைக் கொன்றதற்கு ரத்தமும் சதையுமான ஆளை மிரட்டுகிறவர்களை ரசிகர் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் தங்கை பேரன் அந்தச் சமயத்தில்தான் படிக்கத் தொடங்கினான். அவனுக்கு ஸ்பைடர்மேன் என்றால் திமிர் பிடித்தவன், எல்லாரையும் முட்டாள் என்று திட்டுகிறவன். 2014இல் நிஜ பீட்டர் திரும்பி வந்தான், ஊரே கொண்டாடியது. பேரன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "இவன் ஏன் தாத்தா சும்மா ஜோக் அடிச்சிக்கிட்டே இருக்கான்?"

சரி, மூலத்தைக் காட்டுவோம் என்று என் மூர் மார்க்கெட் 39ஆம் இதழை எடுத்துக் கொடுத்தேன். கடைசித் தாள் இல்லை, முகமூடிக்குள் யார் என்று உன்னால் கண்டுபிடிக்க முடியுமா என்று கொஞ்சம் கெத்தாகவே கேட்டேன். "நார்மன் ஆஸ்போர்ன். சினிமால பாத்திருக்கேனே" என்றான், இட்லியைப் பிட்டுக்கொண்டே. அப்புறம் ரொமீட்டா வரைந்த பீட்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"ஆனா இவன் மூக்கு ஏன் தாத்தா இப்படி இருக்கு?"